பார்த்ததை எழுதுங்கள்

கடந்த செவ்வாய்க்கிழமை காலை, ஆசிரியர் அறையில் வடையா போண்டாவா என்ற பிரச்சினை, நெடிய விவாதத்துக்குப் பின் போண்டாவுக்குச் சாதகமாகத் தீர்மானிக்கப்பட்டது. முன்மொழிந்தவன் நான். வடை கல்லூரிக் கான்டீனிலேயே கிடைக்கும். போண்டாவுக்குத் தாம்பரம் ஸ்டேஷன் வரை போக வேண்டும். அட்டெண்டர் முனுசாமி போனார். பொட்டலத்தோடு திரும்பியவர்தான் செய்தியையும் கொண்டுவந்தார்.

"சார், ஓடியாங்க. ஞானமணி சாரு பேச்சு மூச்சில்லாம கீறாரு."

உளவியல் விரிவுரையாளர் ஞானமணி அவர்கள் பதினாறு ஆண்டுகள் பீர்க்கன்கரணையிலிருந்து சைக்கிளில் வந்து, பி.யு.சி. மாணவர்களுக்குப் புலனறிவையும் உணர்ச்சிகளையும் கற்பித்தார். அவர்கள் அவற்றை மதிப்பெண்களாக மாற்றிக்கொண்டு பொறியியல் படிக்கப் போனார்கள். அவர் வருந்தியதில்லை. "பதினேழு வயசுல ஊரே தன்னைப் பாக்குதுன்னு நெனப்பு. பாவம், அவன் எங்க மத்ததைப் பாக்குறது?" என்பார்.

ஆண்டுக்கொரு முறை, சொல்லாமல் கொள்ளாமல் முனுசாமி அவர் வகுப்புக்குள் பாய்ந்து, அவரைத் திட்டி, மேசையைத் தட்டிவிட்டு ஓடுவார். "பார்த்ததை எழுதுங்கள், நேரத்தோடு" என்பார் ஞானமணி. முனுசாமி கையில் கத்தி இருந்ததாகப் பாதிப்பேர் எழுதுவார்கள். இருந்தது சாக்பீஸ் டப்பா. சென்ற ஆண்டு ஒரு மாணவன் முனுசாமியைத் துரத்திக்கொண்டு ஓடினான். "உன்னை ஓடச் சொன்னேனா? உக்காந்து பாரு" என்று கடிந்துகொண்டார். அது கல்லூரி முழுக்கப் பரவியிருந்தது.

செவ்வாயன்று பயத்தைப் பற்றிய பாடம். உடல் எப்படி வியர்க்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், வியர்த்து, மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். மாணவர்கள் பேனாவைத் திறந்தார்கள்.

முனுசாமியின் ஸ்டூல் அந்த வகுப்பு வாசலில்தான் இருக்கும். அவர் போண்டாவோடு வந்து எட்டிப் பார்த்தபோது, எல்லாரும் ஒரு பக்கம் எழுதியிருந்தார்கள்.

"இன்னாபா, சாரு கீழ கெடக்குறாரு, நீங்க எழுதிக்கினு கீறீங்க?"

"உஷ்! டெமான்ஸ்ட்ரேஷன் அண்ணா."

"டேய், அதுக்கு நான்தானேடா வரணும்!"

டாக்டர் வந்து நாடியைப் பார்த்தார். "கொஞ்சம் முன்னாடி..." என்றவர், ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டிப் பையில் போட்டார்.

ஒரு மாணவன் என்னிடம் அழுதான். "சந்தேகமாத்தான் இருந்துச்சு சார். எழுந்து போய், அது நடிப்பா இருந்துட்டா, எல்லாரும் சிரிப்பாங்களேன்னு..."

கல்லறைத் தோட்டத்தில் பெட்டி இறங்கியபோது அந்த வகுப்பு முழுவதும் கைகட்டி நின்றது. முனுசாமி மட்டும் வாசலில், சாருடைய சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். போய் வாருங்கள், சார். நீங்கள் சொன்னபடியே பார்த்தோம்.

அவர் விழுந்த நேரத்தை டாக்டர் கேட்டிருந்தார். தாள்களை வாங்கிப் பார்த்தோம். தாளுக்குத் தாள் வேறுபட்டது. பெரும்பான்மையோர் எழுதியபடி, இறப்புச் சான்றிதழில் பதினொன்று பத்து என்று பதிவாகியிருக்கிறது.