ஏழாம் பாகத்தில் ஒரு பிடி அரிசி

2024 நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். விடிந்ததிலிருந்து தூறல், மேற்கே மலை இருக்கிற இடமே தெரியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் எங்கள் வீட்டு முன்னறைக் கட்டிலில் என் மனைவி இரண்டு தலையணைகளை வைத்துச் சாய்ந்திருந்தாள். எதிரே நான் அவளுடைய செல்போனில் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தேன். அவள் சொல்லி வரும் தொடர்கதையின் ஏழாம் பாகம், இருபத்திரண்டாம் அத்தியாயம்.

"அவன் கண்ணு மஞ்சளாயிருச்சு. போட்டுட்டீகளா?"

"போட்டாச்சு. மணி என்ன?"

"கதையிலயா, வீட்லயா?"

"கதையிலதான். கடிபட்டு முப்பத்தோரு மணி நேரம். முப்பத்தாறு ஆனா எந்திரிச்சு நடக்கணும், அது நீ போட்ட சட்டம். ஒன்பது அத்தியாயமா முப்பத்தொண்ணுலயே நிக்கான்."

"நிக்கட்டும். உங்களுக்கென்ன அவசரம்?"

எனக்கு அவசரம் இருந்தது. எழுபத்தைந்து வயது, இரண்டு முறை நெஞ்சுவலி. மூன்றாவது வருவதற்குள் இந்தக் கதை முடிந்தாக வேண்டும்.

ஊர் மொத்தமும் செத்து, செத்தவர்கள் எழுந்து நடக்கிற கதை அது. உயிரோடிருப்பவர்களை அவர்கள் கடிப்பார்கள். கடிபட்டவர்களும் செத்து எழுந்து நடப்பார்கள். ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் நாற்பத்து மூன்று பேர் கதவை அடைத்துக்கொண்டு பிழைக்கிறார்கள். அதில் ஒரு எலெக்ட்ரீஷியனுக்கும் ஒரு நர்ஸுக்கும் காதல். மூன்றாம் பாகத்தில் மில் நூலில் மஞ்சள் தோய்த்து அவன் தாலி கட்டினான். கதை படிக்கிற செல்போன் செயலி ஒன்றில் என் மனைவி செவ்வாயும் வெள்ளியும் ஒவ்வோர் அத்தியாயமாகப் போடுவாள். படிப்பவர்களில் பெரும்பாலும் பெண்கள்.

கதைக்கு அந்த மில்லை அவளுக்குக் கொடுத்தது நான்தான். முப்பத்திரண்டு வருஷம் டைம் ஆபீஸில் உட்கார்ந்து, ஷிப்டுக்கு உள்ளே போன தலையையும் வெளியே வந்த தலையையும் எண்ணியவன். கதையிலும் அதே வேலையைத்தான் பார்த்தேன். ஆறாம் பாகத்து முடிவில் ஒன்பது பேர் மிச்சம். முப்பத்திரண்டு பேர் செத்ததற்குக் கணக்கு இருக்கிறது. இரண்டு பேரைக் காணவில்லை. கேட்டால், "அவிய சொல்லாம கொள்ளாம ஓடிப்போயிட்டாக" என்பாள்.

எங்கள் மகனும் எலெக்ட்ரீஷியன்தான். 2021 மே மாதம் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். முப்பத்து மூன்று வயது. பெண் பார்த்துக்கொண்டிருந்தோம், அமையவில்லை. கடைசியாக அவனைப் பார்த்தது செல்போன் திரையில். ஒரு நர்ஸ் போனைப் பிடித்துக் காட்டினாள். கவச உடைக்குள் இருந்ததால் அவள் முகம் எங்களுக்குத் தெரியவில்லை. மறுநாள் மயானத்தில் கயிறு கட்டி எங்களைத் தள்ளி நிறுத்தினார்கள். பைக்குள் வைத்து ஜிப் போட்டு மூடியிருந்தது. நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்கடுத்த நாள் வாயில் வெள்ளைத்துணி கட்டிய ஒரு கலயத்தைக் கொடுத்தார்கள்.

"முகத்தைப் பாக்கலை, வாய்க்கரிசி போடலை. எவன் சாம்பலோ. இதை நான் எப்படிக் கரைக்க?" என்றாள்.

கலயத்தை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. ராஜபாளையத்துக்கு மேற்கே எங்கள் தோப்பில், மோட்டார் ரூமில் ஆணி அடித்துத் தொங்கவிட்டேன். தண்ணீர் பாய்ச்சுகிற ஆள் சுவிட்சை வெளியே வைத்துத் தந்தால்தான் வருவேன் என்றான். அப்படியே செய்து கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் பிடித்துப் போய், கயிறு இற்றிருக்கிறதா, எலி ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன்.

அந்த வருஷம் செப்டம்பரில் அவள் இந்தக் கதையைத் தொடங்கினாள். ஒவ்வொரு பாகம் முடியும்போதும் நான் கேட்பேன். "கதை முடியட்டும், பொறவு கரைப்போம்" என்பாள். அப்படியே ஆறு பாகம் ஓடிவிட்டது. போன வருஷம் வாதம் வந்து அவளுடைய வலக்கை விழுந்தது. அதிலிருந்து அவள் சொல்ல, நான் தட்டுகிறேன். ஏழுதான் கடைசி என்று அவளே அறிவித்தாள். அறிவித்தவள் கதையில் அந்த எலெக்ட்ரீஷியன் கடிபட்டதும் நின்றுவிட்டாள். எனக்குப் பிறகு அந்தக் கலயத்தை யார் கரைப்பார்கள்? தம்பி மகன் ராணுவத்தில் இருக்கிறான். லீவு கிடைத்தால்தான் வருவான். தண்ணீர் பாய்ச்சுகிறவன் அந்த ரூமுக்குள் எட்டிக்கூடப் பார்க்க மாட்டான்.

படிக்கிறவர்களும் விடவில்லை. "அவரைக் கொன்னுடாதீங்க அக்கா" என்று கெஞ்சினார்கள். கொன்றால் செயலியையே அழித்துவிடுவேன் என்று ஒருத்தி மிரட்டினாள். இன்னொருத்தி, மலையில் சித்தர் மூலிகை ஏதாவது இருக்காதா, அதைக் கொடுத்துப் பிழைக்க வைக்கக் கூடாதா என்று கேட்டிருந்தாள். அன்றைக்கு என் மனைவி அதைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"கூமாப்பட்டிக்கு மேக்க மலையேறி ஒரு மூலிகை எடுத்துட்டு வாரான்னு போடுங்க."

"ஏட்டி, ஆறு பாகத்துல இல்லாத மூலிகை ஏழாவதுல எங்கயிருந்து முளைச்சுது?"

"மழை பெஞ்சிருக்கும்."

"மில்லுலயிருந்து கூமாப்பட்டிக்கு எம்புட்டுத் தூரம்? வழியெல்லாம் பொணம் நடக்குது. போக ஒரு நாள், வர ஒரு நாள். உனக்கு இருக்கது அஞ்சு மணி நேரம்."

"மில்லுல ஜீப் இருக்கு."

"அதுக்கு அஞ்சாம் பாகத்துலயே டீசல் தீந்துபோச்சு."

"டைம் ஆபீஸ்காரனைக் கட்டிக்கிட்டு ஒரு பொய் சொல்ல முடியுதா?" என்று சிரித்தாள். வாதம் வந்ததிலிருந்து அவள் சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் வரும். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் போனை மடியில் வைத்தேன். திரை அணைந்தது.

"நம்ம பயலுக்கும் மருந்து இருக்குன்னுதான் சொன்னாக" என்றாள். "ஆறு ஊசி. நீங்க அலைஞ்சு ஆறும் வாங்கிட்டு வந்தீக. ஆறும் போட்டாக."

நான் போனைத் திரும்பக் கையில் எடுத்தேன்.

"மூலிகை வேண்டாம். அழிச்சிருங்க. முப்பத்தஞ்சு மணி நேரம்னு போடுங்க."

அதற்குப் பிறகு அவள் நிறுத்தவே இல்லை. என் விரல்தான் பின்தங்கியது. கதையில் அவன் மில்லின் பஞ்சு கோடவுனில் படுத்திருக்கிறான், நினைவோடு இருக்கிறான். எழுந்ததும் தான் முதலில் கடிக்கப்போவது அந்த நர்ஸைத்தான் என்று அவனுக்குத் தெரியும். உயிர் இருக்கும்போதே என்னைப் பிணமாகக் கட்டிவிடு என்கிறான். அவள் மில் நூலை முறுக்கி அவன் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டுகிறாள். கைக்கட்டைவிரல்களையும் கட்டுகிறாள்.

"நம்ம ஊர்ல பொணத்துக்கு எதுக்கு விரலைக் கட்டுதாகன்னு நினைச்சீக? எந்திரிச்சிரக் கூடாதுன்னுதான்" என்று எனக்குத் தனியாகச் சொன்னாள். அதைக் கதையில் போடச் சொல்லவில்லை.

"அடுத்து வாய்க்கட்டு" என்றேன். தாடையோடு சேர்த்து உச்சியில் துணி கட்டிவிட்டால் அவனால் கடிக்க முடியாது. அத்தோடு கதை முடிந்துவிடும் என்று என் மனம் கணக்குப் போட்டது.

"பொறுங்க. அதுக்கு முன்ன வாய்க்கரிசி. 'வாயைத் திறடா'ன்னு சொல்லி, ஒரு பிடி அரிசியை அவன் வாயில போடுதா."

"உசிரோட இருக்கவனுக்கா?"

"செத்தபொறவு போட விடுவாகளா? செத்தா அடுத்த நிமிஷம் அவன் வேற. இருக்கும்போதே போட்டாத்தான் உண்டு."

நான் தட்டவில்லை. "அரிசி இல்லை" என்றேன். "பதிமூணாம் அத்தியாயத்துல கடைசி ஒன்பது படியையும் கஞ்சி வச்சுக் குடிச்சாச்சு. பானையைக் கவுத்துவச்சான்னு நீதான் சொன்னே. படிக்கிறவுக கேப்பாக."

"ஒரு பிடி இருந்துச்சு."

"எங்க?"

"சேலை முந்தியில முடிஞ்சு வச்சிருந்தா."

"பட்டினி கிடந்தப்பவும் எடுக்கலையா? எதுக்கு வச்சிருந்தா?"

"இதுக்குத்தான்."

சரியென்று தட்டினேன். அவன் வாயைத் திறக்கிறான். அவள் மூன்று முறை அரிசி போடுகிறாள். துணியால் தாடையைக் கட்டுகிறாள். முப்பத்தாறாவது மணி நேரத்தில் பஞ்சுக்குத் தீ வைக்கிறாள். நூல் தாலியை அறுக்காமல் மில் வாசலைக் கடந்து வெளியே நடக்கிறாள். அவ்வளவுதான். வழக்கமாகக் கடைசியில் போடுகிற வணக்கம், நன்றி எதுவும் வேண்டாம் என்றாள். பன்னிரண்டு இருபதுக்கு அத்தியாயத்தை ஏற்றினேன்.

இரண்டு நாளில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் கருத்துப் போட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன்.

"இருநூத்தி ஏழு பேரு திட்டியிருக்காக."

"மிச்சம்?"

"அழுதிருக்காக. ஒருத்தி மட்டும், அவளுக்கு அரிசி எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டிருக்கா."

"அவளைத்தான் உங்க டைம் ஆபீஸ்ல வேலைக்கு வச்சிருக்கணும்" என்றாள். சற்று நேரம் கழித்து, "கார் சொல்லுங்க" என்றாள்.

அடுத்த அமாவாசைக்கு, டிசம்பர் ஒன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினோம். ராஜபாளையம் தோப்பில் இறங்கி நானே கலயத்தை ஆணியிலிருந்து எடுத்தேன். மூன்றரை வருஷத்தில் ஆணி துருவேறியிருந்தது. கயிறு நன்றாகத்தான் இருந்தது. டிரைவர் டிக்கியைத் திறந்தான். "மடியில குடுங்க" என்று அவள் இடக்கையை நீட்டினாள். பாபநாசம் வரை அவள் மடியிலேயே இருந்தது.

ஆற்றுப் படித்துறையில் இருபத்திரண்டு படி. டிரைவரும் நானும் அவளை நாற்காலியோடு இறக்கினோம். ஐயர் மந்திரம் சொல்லி, கலயத்தின் துணியை அவிழ்க்கச் சொன்னார். அவள் சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டு, இடக்கையால் தன் சுருக்குப்பையைத் துழாவினாள். கைக்குட்டையில் கட்டிய ஒரு முடிச்சு. என்னைப் பிரிக்கச் சொன்னாள். அரிசி. மஞ்சளாகி, வண்டு துளைத்து, பாதி மாவாகியிருந்தது.

"மதுரைக்கு அன்னைக்குக் கொண்டுபோனது" என்றாள். "கிட்டப் போக விடலையே."

ஏழு பாகமும் அவளோடு ஒரே வீட்டில் தலையெண்ணி, கடைசிப் பாகத்தை என் விரலாலேயே தட்டியவன் நான். இந்த ஒரு பிடி எனக்குத் தெரியாது.

அவள் கலயத்துக்குள் குனிந்து, "வாயைத் திறடா" என்றாள். இடக்கையால் மூன்று முறை போட்டாள். மூன்றாவது தடவை கொஞ்சம் படியில் சிந்தியது; அதையும் நான் பொறுக்கிப் போட்டேன். சாம்பல் யாருடையது என்று அவள் கேட்கவில்லை. தண்ணீர் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. நான் ஆற்றில் விட்ட கலயம் மூழ்க நேரம் ஆகவில்லை.

கார் வாடகை நாலாயிரத்து இருநூறு. ஐயருக்கு ஆயிரத்து ஐநூறு. தேங்காய், பழம், பூ, பால் முந்நூற்று நாற்பது. மூன்று பேர் சாப்பாடும் காப்பியும் அறுநூற்றுப் பத்து. வண்டி நிறுத்த ஐம்பது. அரிசிக்குச் செலவில்லை. ஆக மொத்தம் ஆறாயிரத்து எழுநூறு ரூபாய்.