ஐந்தாம் நிரலில் எழுதிய முகவரிகள்

பாடசாலை லிகிதர் என்பவர், பிள்ளைகள் வந்தாலும் வராவிட்டாலும், மணி அடித்தாலும் அடிக்காவிட்டாலும், படிவம் நிரப்பியே தீர வேண்டியவர். என்னைப் போல அரசாங்கக் கடதாசிகளோடு மாரடித்தவர்களுக்கு இது புதிதல்ல. "உரிய படிவத்தில், உரிய திகதிக்கு முன்" என்ற வரியைக் கண்டதும் நமக்கெல்லாம் கை தானாகவே பேனையைத் தேடும். அந்தப் பழக்கம் கலவர காலத்தில் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு பதறுகிறது.

வீட்டுக்கு வந்த ஆபீஸ்

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கண்டி நகரத்தில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் லிகிதர். கலவரம் வெடித்து, தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்து, ஒரே வாரத்தில் எங்கள் பாடசாலை அகதி முகாமாகிவிட்டது. எட்டாம் வகுப்பில் சமையல் நடந்தது. ஆபீஸ் அறையில் கைக்குழந்தைக்காரர்கள். யாழ்ப்பாணத்துக்காரரான எங்கள் பாடசாலை அதிபரும், குடியிருந்த வீட்டையும் மூக்குக்கண்ணாடியையும் நெருப்புக்குக் கொடுத்துவிட்டு, அதே முகாமில்தான் இருந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கல்விக் கந்தோரிலிருந்து ஒரு சுற்றுநிருபம் வந்தது. பாடசாலைக்கு வர முடியாத ஆசிரியர்கள், மறு அறிவித்தல் வரை, இருக்கும் இடத்திலிருந்தே கடமை செய்யலாம். பாடக்குறிப்பு எழுத வேண்டும். லிகிதர் நேரில் போய் வரவு இடாப்பில் கையொப்பம் வாங்க வேண்டும். கையொப்பம் இல்லாதவர் உத்தியோகத்தைத் தானாகவே விட்டவராகக் கருதப்படுவார். என்னுடையது முஸ்லிம் வீடு, ஆபத்து இல்லை என்று அதிபர் இடாப்பு, முத்திரை, டைப்ரைட்டர் எல்லாவற்றையும் என் தலையில் கட்டினார். கைவண்டியில் ஏற்றி வந்து எங்கள் முன்ஹோலில் இறக்கினேன். உம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஸ்கூலயே ஊட்டுக்குத் தூக்கிட்டு வந்தீக்கியே மகன், புள்ளைகள எங்க உட்டுட்டு வந்த?"

பிந்தி வராத ஆசிரியை

வெளியே வர முடியாமல் ஒளிந்திருந்த ஆசிரியர்கள் ஏழு பேர். அவர்களில் ஒருவர் கணிதம் படிப்பித்த புனிதவதி டீச்சர். யாழ்ப்பாணத்தில் படுக்கையில் கிடக்கும் அப்பாவுக்கும் இரண்டு தங்கைகளுக்கும் இவருடைய உத்தியோகம்தான் கதி. வத்தேகமயில் இவர் தங்கியிருந்த வீட்டை எரித்துவிட்டார்கள். பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு சிங்கள நர்ஸ், பின்கதவால் இழுத்தெடுத்துத் தன் வீட்டு அறையில் வைத்துப் பூட்டிக் காப்பாற்றியிருந்தார்.

இடாப்பைப் பழைய துணியில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் போனேன். நர்ஸுடைய தொளதொள கவுனைப் போட்டுக்கொண்டு, ஜன்னலைச் சாத்திய அறையில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் பாடக்குறிப்பு எழுதி வைத்திருந்தார். ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஆனாலும் பாருங்கள், லிகிதர் புத்தி எங்கே போகும்? ஒன்பது நாளுக்கும் சேர்த்துக் கையொப்பம் வாங்கிவிட்டு, "வந்த நேரம் என்ன போட டீச்சர்?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏழரை எண்டே போடும் தம்பி. நான் இந்த அறையை விட்டு வெளியில போனாத்தானே பிந்தி வாறதுக்கு!"

என் அழகான கையெழுத்து

சுற்றுநிருபத்தோடு ஒரு படிவமும் இருந்தது. பெயர், பதவி, பாடம், கையொப்பமிட்ட நாட்கள். ஐந்தாம் நிரலில் "தற்போது கடமையாற்றும் இடம்". அதிகாரிகள் சோதனைக்கு வரக்கூடும், ஆகவே இடம் இலகுவில் கண்டுபிடிக்கத்தக்கதாக எழுதப்பட வேண்டும் என்று அடிக்குறிப்பு.

நான் விடுவேனா? எனக்குச் சிங்களத்தில் எழுத்து முத்து முத்தாக வரும். அந்தப் பெருமையில் ஏழு பேருக்கும் தெரு, வீட்டு இலக்கம், அடையாளம் எல்லாம் எழுதினேன். புனிதவதி டீச்சருக்கு: "மருந்துக்கடைக்குப் பின்னால் பச்சை கேட், பின் அறை. நாய் உண்டு, பகலில் கட்டியிருக்கும்." காபன் வைத்து மூன்று பிரதி. கண்ணாடி இல்லாத அதிபர் நான் விரல் வைத்த இடத்தில் ஒப்பமிட்டார். சுற்றுநிருபத்தில் சொன்னபடியே ஒன்றை ஆபீஸ் ஃபைல் கோவையில் போட்டேன், ஒன்றைப் பாடசாலை அறிவித்தல் பலகையில் குத்தினேன், மூன்றாவதை மறுநாள் காலையில் கல்விக் கந்தோருக்குக் கொண்டு போனேன்.

அங்கே வயதான சிங்கள லிகிதர் ஒருவர் படிவத்தைப் படித்தார். படித்தவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, அதை நாலாகக் கிழித்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. குரலைத் தாழ்த்திச் சிங்களத்தில் சொன்னார்: "வீடு வீடாகத் தேட அந்தக் கலவரக்காரர்களுக்கு வாக்காளர் இடாப்புத் தேவைப்பட்டது, தம்பி. நீங்கள் அதைவிடத் திருத்தமாக எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்."

அறிவித்தல் பலகை

அந்த வார்த்தை காதில் விழுந்ததும்தான் எனக்கு உறைத்தது. பாடசாலைப் பலகையில் அதே தாள்! சோற்றுப் பார்சல் கொண்டுவருபவர்கள், சொந்தக்காரரைத் தேடி வருபவர்கள், வேடிக்கை பார்ப்பவர்கள் என்று ஊர் உலகமே வந்துபோகும் இடம். ஓடினேன். பலகையில் நாலு குண்டூசிகள்தான் இருந்தன.

சிற்றூழியர் முனியாண்டி அண்ணன் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். கண்டி மஹய்யாவப் பக்கத்துக்காரர், பாடசாலையில் அவர் கண்ணில் படாமல் எதுவும் நடக்காது. தாளை யார் எடுத்தது என்று கேட்டேன். "ரெண்டு பேரு காலையிலேயே பிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க தம்பி. அம்புட்டு அக்கறையா படிச்சாங்க, பரீட்ச முடிவாக்கும்னுல்ல நெனச்சேன்."

பச்சை கேட்

அதிபரும் முனியாண்டி அண்ணனும் மற்ற ஆறு பேருக்கும் செய்தி சொல்ல ஆள் அனுப்பினார்கள். நான் வத்தேகம பஸ்ஸில் ஏறினேன். அந்தப் பயணத்தில் நான் ஓதாத துஆ இல்லை. பச்சை கேட் திறந்து கிடந்தது. பின் அறையில் கட்டில் கவிழ்ந்து கிடந்தது. கலண்டர் தாள்கள் தரையெல்லாம் பரவியிருந்தன. டீச்சரைக் காணவில்லை.

நர்ஸ் சமையலறையிலிருந்து வந்தார். கன்னத்தில் விரல் பதிந்த அடையாளம். அன்று விடியற்காலையிலேயே டீச்சருக்குக் காய்ச்சல் கூடி, சிங்களப் பெயரில் தன் ஆஸ்பத்திரி வாட்டில் சேர்த்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் அந்த ஆட்கள் வந்திருக்கிறார்கள். காய்ச்சல்தான் டீச்சரைக் காப்பாற்றியது, நானில்லை. நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். நர்ஸ் கத்தவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்: "நாய் கட்டியிருக்கும் என்று எழுதியதும் நீங்கள்தானா?"

வாட்டில் ஒரு கையொப்பம்

மற்ற ஆறு பேரும் நேரத்துக்கு இடம் மாறி உயிர் தப்பினார்கள். அடுத்த கிழமை, நோயாளி பார்க்கிற நேரத்தில், ஒரேஞ்ச் பழப் பைக்குள் இடாப்பை வைத்துக்கொண்டு வாட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லாமல் கையொப்பம் வாங்க மனம் வரவில்லை. சொன்னேன். டீச்சர் கையை நீட்டிப் பேனையை வாங்கி, ஏழு நாளுக்கும் ஒப்பமிட்டார். "நீர் கெட்ட மனிசன் எண்டா எனக்குப் பயமில்லை தம்பி. ஒழுங்கா வேலை செய்யிற ஆள், அதுதான் பயமாக் கிடக்கு."

விளக்கம் கோரல்

அதன் பிறகு வந்த ஒவ்வொரு படிவத்திலும், ஐந்தாம் நிரலில், ஏழு பேருக்கும் "பாடசாலை" என்று ஒரே சொல்லை எழுதினேன். ஒருவருடைய உத்தியோகமும் போகவில்லை. புனிதவதி டீச்சர் உடம்பு தேறி, இடமாற்றம் வாங்கி ஊர் போய்ச் சேர்ந்தார். கலவரம் அடங்கிய பிறகு கந்தோரிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது: அகதிகள் நிரம்பியிருந்த பாடசாலையில் ஏழு ஆசிரியர்கள் எங்ஙனம் கடமையாற்றினர், பிழையான தகவல் தந்தமைக்கு விளக்கம் தருக. புதுக் கண்ணாடி போட்டிருந்த அதிபர் அதை இரண்டு தரம் வாசித்தார். "நல்லாச் சுத்திச் சுத்தி எழுதும். முகவரி மட்டும் ஒண்டும் எழுதிப்போடாதையும்."

முப்பது வருட உத்தியோகத்தில் நான் தெரிந்தே எழுதிய ஒரே பொய்க்குத்தான் என்னிடம் விளக்கம் கேட்டார்கள். அந்த ஏழு முகவரிகளையும் எழுத்துப் பிசகாமல் எழுதியதற்கு இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை.