மூச்சு மெசினுக்குத் தைத்த பைகள்

பை தைக்கிறவளுக்கு ஆளின் முகம் ஞாபகம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தோள் ஞாபகம் இருக்க வேண்டும். பெரியகல்லாற்றில் இருபது வருடமாகப் பள்ளிக்கூடப் பையும் மோட்டார் சைக்கிள் சீற் உறையும் தைக்கிறேன். கொஞ்சக் காலமாக இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: மூச்சு வருத்தக்காரர் கூடவே கொண்டு திரிகிற ஒட்சிசன் மெசினுக்குப் பை. காற்றை இழுத்து, ஒட்சிசனைப் பிரித்து, குழாய் வழியே மூக்குக்கு அனுப்புகிற சின்ன மெசின் அது. அதோடு வருகிற பை ஒருவருக்கும் ஒத்து வருவதில்லை. உடனே என்னிடம் வருகிறார்கள். ஊசி குத்திய விரலைச் சூப்பிக்கொண்டே இதை வாசிக்கிற என் தையல்கார இனத்தாரே, நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

நனையாத பை

முதல் ஆள் களுதாவளையிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தபாலதிபர். மாரி மழைக்கு ஒரு சொட்டும் உள்ளே போகக் கூடாது என்று நல்ல ரெக்சினில், நாலு பக்கமும் அடைத்து, தையலுக்கு மேல் தையல் போட்டுக் கொடுத்தேன். மெசினை உள்ளே வைத்துச் சிப்பை இழுத்து, பெரிய கெட்டிக்காரி மாதிரி அவர் தோளில் மாட்டியும் விட்டேன்.

பத்து நிமிடத்தில் பை கீக் கீக் என்று கத்தத் தொடங்கியது. தொட்டுப் பார்த்தால் சுடுகிறது. காற்றை இழுக்கிற மெசினுக்குக் காற்று வழியையே அடைத்து வைத்திருக்கிறேன்! அன்றிலிருந்து காற்றுப் போய் வருகிற பக்கங்களுக்கு வலைத்துணிதான். மனிதர் கோபிக்கவில்லை, நிதானமாகச் சிப்பைத் திறந்தார்.

“எனக்கு மட்டும்தான் மூச்சு முட்டு எண்டு நினைச்சன். மெசினுக்கும் குடுத்திட்டீங்களே, தங்கச்சி.”

வருத்தக்காரிப் பை

வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் நூலக வேலை பார்க்கிற ஒரு அக்காவுக்குப் பாரம் பிரச்சினையில்லை, கறுப்புப் பைதான் பிரச்சினை. அதைக் கண்டதும் சனம் ஐயோ பாவம் என்று பார்க்கிறதாம். கைத்தறிச் சேலைத் துணியில், ஸ்பொஞ்ச் வைத்த அகலப் பட்டியோடு, கல்யாண வீட்டுக்கும் கொண்டுபோகிற மாதிரி ஒன்று தைத்துக் கொடுத்தேன். அடுத்த கிழமை போன் வந்தது.

“நேத்து பஸ்ஸில ஒருத்தரும் எழும்பி இடம் தரல்ல, புள்ள. நல்ல சந்தோசமா நிண்டுகொண்டு வந்தன்.”

தோளில் போட்ட பிழை

தம்பிராசா அண்ணன் வாவியில் வீச்சுவலை எறிந்து பிழைத்தவர். இப்போது மெசின் இல்லாமல் வாசல் படலை வரைக்கும் நடக்க மாட்டார். மூன்று கிழமையில் அவருடைய ஒரே மகளுக்குப் பிள்ளையார் கோயிலில் கல்யாணம். மகளின் கையைத் தானே பிடித்து மாப்பிள்ளையிடம் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். முடியாவிட்டால் அவருடைய தமையன் கொடுப்பதாகப் பேச்சு. அந்தப் பேச்சைக் கேட்டாலே அவருக்குக் கண் கலங்கிவிடும்.

கோயிலுக்குள் ஆண்கள் மேலில் சட்டை போட ஏலாது. தோலில் செய்த பொருளும் கூடாது. இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும் என்பதால் பள்ளிக்கூடப் பை மாதிரி முதுகில் போடத் தைத்தேன். கடையிலேயே சட்டையைக் கழற்றி மாட்டிப் பார்த்தார். றோட்டு வரைக்கும் போய்த் திரும்புவதற்குள் பட்டி வெறும் தோளில் சிவப்பாகக் கோடு போட்டுவிட்டது, ஆளுக்கு மேல்மூச்சு வாங்குகிறது. “பழகினால் சரிவரும்” என்றேன் நான், என் தையலை விட்டுக்கொடுக்க மனமில்லாமல். அவர் பையைக் கழற்றி, பட்டி இரண்டையும் இடுப்பைச் சுற்றி இழுத்து முடிந்தார். வலை எறிகிறவர்கள் பிடித்த மீனைப் போடுகிற பறியை அப்படித்தான் இடுப்பில் கட்டுவார்கள்.

எனக்கு அரை நாள் கோபம். இருபது வருடத் தொழில்காரிக்கு இவர் முடிச்சுப் போட்டுக் காட்டுகிறாரா? பிறகுதான் யோசித்தேன். மூச்சுக்கு அந்தரப்படுகிறவர் தோளைத் தூக்கித் தூக்கித்தான் மூச்செடுக்கிறார். நான் அந்தத் தோளிலேயே பாரத்தை ஏற்றியிருக்கிறேன். அவர் அன்று கேட்ட கேள்வி இன்னும் காதில் நிற்கிறது.

“பறிய ஆராச்சும் தோளில போடுவானா, புள்ள?”

கல்யாணத்தன்று

பிறகு தைத்தது அகலமான இடுப்புப் பட்டி. உள்ளே பழைய வேட்டித் துணி, பக்கிள் பிளாஸ்டிக். சம்மணம் போட்டு உட்கார்ந்தாலும் இடிக்காமல் மெசின் பக்கவாட்டில் நிற்கும், குழாய் முதுகால் ஏறிக் காதைச் சுற்றி மூக்குக்கு வரும். மூன்று தரம் பிரித்துத் தைத்தேன். நான்காம் தரம் என் இடுப்பிலேயே கட்டிக்கொண்டு சமைத்துப் பார்த்தேன்.

கல்யாணத்தில் எல்லாரும் மணப்பொம்பிளையைப் பார்க்க, நான் தகப்பனின் இடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பார்த்தால், யாரோ மரியாதைக்கு அவர் இடுப்பில் சால்வையைச் சுற்றி மெசினை மூடிக் கட்டியிருக்கிறார்கள்! ஓடிப்போய்ச் சால்வையைக் கீழே இறக்கினேன். ஐயர் மந்திரத்தை நிறுத்தி என்னைப் பார்த்தார். பார்க்கட்டும்.

மனைவி நீர் வார்க்க, தம்பிராசா அண்ணன் மகளின் கையை இரண்டு கையாலும் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார். மூச்சு வாங்கவில்லை. மேளச் சத்தத்தில் மெசின் இரைச்சல் ஒருவருக்கும் கேட்கவில்லை. நான் அழுதேன். என் பிள்ளையின் கல்யாணத்துக்குக்கூட அப்படி நெஞ்சு நிமிர்ந்து நின்றதில்லை. பந்தியில் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பை எப்படி அண்ணன் என்று மெதுவாகக் கேட்டேன். வாயில் சோற்றோடு திரும்பிப் பார்த்தார்.

“எந்தப் பை?”

நல்ல பையைத் தைத்தவளை ஒருவரும் நினைப்பதில்லை, தோழர்களே. யாராவது நினைத்தால், எங்கேயோ பட்டி அறுக்கிறது என்று அர்த்தம்.