கப்பலில் போன கணக்கு

எங்கள் தீவில், இந்தக் கேம்பல் பே ஊரில், நிலம் அதிர்ந்தால் யாரும் கத்துவதில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எல்லாரும் கடலைப் பார்ப்பார்கள். தண்ணீர் உள்வாங்கவில்லை என்று தெரிந்ததும் கிளாஸை எடுத்துக்கொள்வார்கள். ஊரில் இருக்கிற உங்களிடம் இதைச் சொன்னால் கதை விடுகிறேன் என்பீர்கள். சுனாமி வந்து ஐந்தாறு வருஷம் ஆகியும் நானும் அப்படித்தான் இருந்தேன். பட்டறையில் வெல்டிங் வைத்துக்கொண்டிருக்கும்போதே தலை தானாகக் கடல் பக்கம் திரும்பிவிடும்.

தூத்துக்குடியிலிருந்து இங்கே வந்த புதிதில் தபால் ஆபீஸில் ஒரு பி.பி.எஃப் சேமிப்புக் கணக்குத் தொடங்கியிருந்தேன். வட்டிக்கு வரி கிடையாது. பதினைந்து வருஷம் போட வேண்டும். ஏழாவது வருஷத்திலிருந்து அவசரத்துக்கு ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளலாம். அலையில் வீடு போனது, பட்டறை போனது, அந்தக் கணக்கு மட்டும் மிஞ்சியது. அதனாலேயே அதன் மேல் எனக்கு ஒரு வெறி. அடுத்த அலையில் இதுவும் போய்விட்டால்? பணம் அங்கே பெட்டியில் இல்லை, எழுத்தில்தான் இருக்கிறது என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய, பயத்துக்கு அது புரியவா போகிறது? போர்ட் பிளேரில் ஒரு வங்கிக்கு மாற்றிவிட முடிவு செய்தேன். முறையாக மாற்றினால் ஆன வருஷங்களும், நடுவில் எடுக்கிற உரிமையும் கூடவே வரும் என்று விசாரித்து வைத்திருந்தேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு வேறு.

தபால் ஆபீஸில் தாஸ் பாபு என்று ஒரு வங்காளி. பாரத்தை வாங்கிப் படித்துவிட்டு, "ஜரூரத் ஹை தோ பஹலே நிகாலோ, பாயி" என்றார். தேவையிருந்தால் முதலில் எடுத்துக்கொள். காகிதம் வழியில் இருக்கிற நாட்களில் இங்கேயும் எடுக்க முடியாது, அங்கேயும் எடுக்க முடியாது என்று விளக்கினார். கணக்கை விட மனசில்லாமல் பேசுகிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். "நஹி பாபு, பூரா பேஜோ", முழுசாக அனுப்புங்கள் என்றேன். பக்கத்தில் நின்ற என் மனைவி செல்வி மெதுவாக, "கொஞ்சம் எடுத்து வச்சா என்னங்க?" என்றாள். "ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்றேன். அன்றைக்கு என் வாய் அப்படி.

பத்து நாள் கழித்து அவள் மார்பில் இருந்த கட்டியைக் காட்டினாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அதிகம் பேசவில்லை. "மெயின்லாண்ட் போங்க. தள்ளிப் போடாதீங்க" என்றார். வெளியே வந்து, எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"ரெண்டு மாசமா இருக்கு. அதுக்குத்தான் அன்னைக்குக் கேட்டேன்."

தபால் ஆபீஸுக்கு ஓடினேன். தாஸ் பாபு பேரேட்டைத் திருப்பிக் காட்டினார். என் கணக்கின் மேல் கோடு போட்டு முடித்திருந்தது. போர்ட் பிளேர் வங்கிக்குப் போன் செய்தால், இன்னும் வந்து சேரவில்லை என்றார்கள். கடல் மோசமாக இருந்ததால் கப்பலே புறப்படவில்லை. அந்த நாட்களில் தரை இரண்டு முறை ஆடியது. இரண்டு முறையும் நான் கடலைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தேன்.

கடைசியில் போர்ட் பிளேர் போகிற கப்பல் வந்தது. நாங்கள் ஏறும்போது தபால் மூட்டைகளையும் அதிலேயே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். செல்வி நின்று பார்த்தாள்.

"நம்ம துட்டு எந்த மூட்டையில கெடக்கு?"

"தெரியலையே."

"முங்குனா எல்லாம் சேந்தே முங்கும். ஒரு கவலை விட்டுச்சு" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கீழே எங்கோ என் பணத்தின் காகிதம், மேலே நாங்கள். வழியெல்லாம் அதைத் தொட முடியாமல் அதோடு போனோம்.

காகிதம் வங்கிக்குப் போன பிறகும் கணக்கில் ஏற நாளாகும் என்றார்கள். சென்னையில் இருக்கும் அவள் தம்பி முருகன் கடன் வாங்கி விமான டிக்கெட் எடுத்தான், ஆஸ்பத்திரியில் முன்பணமும் கட்டினான். மீதியை நான் அனுப்ப வேண்டும். அதனால் அவள் தனியாகப் போனாள். நான் போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில் தெரிந்தவர் அறையில் தங்கி, தினமும் பஸ் பிடித்து வங்கிக்குப் போய் உட்கார்ந்தேன். மெயின்லாண்டில் இருந்தபோது தீவுக்குப் போனால் பிழைத்துக்கொள்ளலாம் என்று துடித்தவன், இப்போது தீவை விட்டு எப்போது கிளம்புவோம் என்று தவித்துக்கொண்டிருந்தேன். இரண்டு கரையிலும் எனக்கு நிம்மதி எழுதவில்லை போலும்.

ஒன்பதாம் நாள் கணக்கு வந்துவிட்டது. பணம் எடுக்கிற பாரத்தில் கையெழுத்துப் போட்டேன். அதிகாரி பழைய காகிதத்தோடு வைத்துப் பார்த்து, "மேட்ச் நஹி ஹோ ரஹா", ஒத்துப்போகவில்லை என்றார். வந்த புதிதில் போட்ட கையெழுத்து. அதன் பிறகு எத்தனை வருஷம் இரும்பு பிடித்த கை இது. இன்னொரு பாரம் கொடுத்தார். மறுபடி போட்டேன், மறுபடி தலையை ஆட்டினார். மூன்றாவது பாரத்தை என் முன்னால் வைத்தபோது போன் அடித்தது. முருகன்.

"அத்தான், அக்காவ உள்ள கொண்டு போறாங்க. ஆபரேஷன் பாரத்துல புருஷன் கையெழுத்து கேக்காங்க. நான் போட்டுறவா?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஏக் பார் அவுர்", இன்னும் ஒரு தடவை என்று அதிகாரி கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

கையில் பேனாவை வைத்துக்கொண்டே, "நீயே போடு" என்றேன்.