முகத்தில் உருட்டிய ஊசிகள்

ஒரு கைப்பிடி, அதன் நுனியில் சின்ன உருளை, உருளை முழுக்க மயிர் மாதிரி ஊசிகள். நான் கடைசியாக வேலை செய்த வீட்டு மேடம் அதைக் கன்னத்தில் உருட்டுவார். கழுவிக் காயவைப்பது என் வேலை. குத்துப்பட்ட தோல் தன்னைத் தானே புதிதாக்கிக்கொள்ளுமாம். மேடம் என்னைவிட மூத்தவர். பார்த்தால் என் தங்கச்சி மாதிரி இருப்பார். ஊருக்கு வரும்போது எனக்கென்று நான் வாங்கிய ஒரே சாமான் அப்படியொரு உருளைதான்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். ஓரிடத்தில் கால் தரிக்காது. ரியாத், குவைத், அம்மான் என்று வீடு வீடாக மாறினேன். சுனாமியைக் குவைத்தில் டிவியில் பார்த்தேன். எங்கள் ஊர் சாய்ந்தமருதில் வீடும் உம்மாவும் போய்விட்டதைப் பிறகுதான் சொன்னார்கள். என் மகளைத் தங்கச்சி கையில் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். அப்போதும் நான் ஊருக்கு வரவில்லை. மகளின் வாப்பா எங்களை எப்போதோ விட்டுப் போயிருந்தார். எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுக்க வீடு வேண்டும். நான் உழைத்து அனுப்பினேன், தங்கச்சி கட்டினாள். யுத்தம் முடிந்த அடுத்த வருசம் நான் வந்து இறங்கியபோது, மகள் கலியாண வயதில் நின்றாள்.

வந்த அன்றைக்கே பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஆரு புள்ள இது, உன்ட மாமியாரா?" என்று தங்கச்சியிடம் கேட்டாள். மகள் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்புத்தான் குத்தியது. வெள்ளிக்கிழமை நிந்தவூரிலிருந்து மாப்பிள்ளையின் உம்மாவும் சகோதரிமாரும் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அவர்கள் முன்னால் நான் என் மகளுக்கு உம்மாவாகத் தெரிய வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

புதன்கிழமை உருளையை எடுத்தேன். தங்கச்சி திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ரோட்டுல தார் போட்டு உருட்டுற மெசின்ட குட்டியா ராத்தா இது?"

பெட்டிக்குள் அரபியில் ஒரு தாள் இருந்தது. "வாசிங்களன். இவ்வளவு காலம் அங்க இரிந்த நீங்கதானே?"

எனக்குத் தெரிந்த அரபு சமையலறை அரபு. எழுத்தை ஓதப் பழகியது குர்ஆன் மதரசாவில், அதுவும் உச்சரிப்புக் குறிகள் போட்ட எழுத்தை. இந்தத் தாளில் ஒரு குறியும் இல்லை. தெரியாது என்று சொல்ல மனம் வராமல், வாயில் வந்தபடி, குர்ஆன் ஓதுகிற இராகத்தோடு ஓதினேன். தங்கச்சி சட்டென்று முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். முகத்துக்கு உருட்டும் சாமானின் தாளுக்குத் தலையை மூடிக்கொண்டு பயபக்தியோடு இருந்தாள். எனக்கு உடம்பு கூசியது. ஆனாலும் கடைசி வரி வரைக்கும் ஓதிவிட்டுத்தான் நிறுத்தினேன்.

மேடம் மெதுவாக உருட்டுவார். நான் தேங்காய் துருவுகிற மாதிரி அழுத்தி உருட்டினேன். இரத்தம் பொட்டுப் பொட்டாக வந்தது. அதற்கு மேல், கல்முனையில் வாங்கிய வெள்ளையாக்கும் கிறீமைப் பூசினேன். வெள்ளிக்கிழமை காலையில் கண்ணிரண்டும் இடுங்கி, கன்னம் வீங்கி, நெற்றியெல்லாம் பொருக்காக இருந்தது.

"ராத்தா இன்னும் வரல்ல எண்டு சொல்லிடு" என்று தங்கச்சியிடம் சொல்லிவிட்டு அறைக்குள் போய்த் திரைக்குப் பின்னால் நின்றேன்.

அவர்கள் வந்தார்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா கேட்டார், "புள்ளட உம்மா எங்க?"

"அடுத்த மாசம்தான் வருவா" என்றாள் தங்கச்சி.

"அப்ப அடுத்த மாசமே கதைப்பம். பெத்தவ உழைச்சுக் கட்டின வீடு. அவ இல்லாம நாங்க என்னத்தக் கதைக்கிற?"

அவர் எழும்பும் சத்தம் கேட்டது. அப்போது என் மகள், "சாச்சி பொய் சொல்றா. உம்மா உள்ளதான் இரிக்கா" என்று திரையை நீக்கிவிட்டாள்.

மாப்பிள்ளையின் உம்மா என் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். கிட்ட வந்து என் கையைப் பிடித்தார். "யா அல்லாஹ்! அங்க அடிச்சாங்களா மகள்? இதுக்காகவா ஒளிச்சிரிந்த?" அவர் கண் கலங்கியிருந்தது. ஓம் என்று தலையாட்டியிருந்தால் எல்லாரும் நம்பியிருப்பார்கள். சில வீடுகளில் நான் அடி வாங்கியதும் உண்டு. ஆனால் இந்த மேடம் என்மேல் கை வைத்ததே இல்லை.

"இல்ல. நானே ஊசியால குத்திக்கிட்டன்."

"என்னத்துக்கு?"

"வடிவுக்கு" என்றேன்.

மாப்பிள்ளையின் தங்கச்சிமார் சிரிப்பை அடக்க முடியாமல் ஒருவர் தோளில் ஒருவர் முகத்தைப் புதைத்தார்கள். என் தங்கச்சி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெட்கம் வந்தால் ஒரு பாதத்தை மற்றப் பாதத்தின் மேல் ஏற்றித் தேய்ப்பது சின்ன வயதிலிருந்தே என் பழக்கம். அப்போதும் அப்படித்தான் நின்றிருக்கிறேன். மாப்பிள்ளையின் உம்மா என் காலைப் பார்த்தார். பிறகு மகளின் காலைப் பார்த்தார். அவளும் அப்படியே நின்றாள்.

"சரி, உம்மாவும் மகளும்தான்" என்று சொல்லி அவர் மறுபடியும் உட்கார்ந்தார். "தேத்தண்ணியக் கொண்டு வாங்க."

வீங்கிய முகத்தோடு தட்டை ஏந்தி, ஒவ்வொருவர் முன்னாலும் நான்தான் குனிந்தேன்.