அலமாரிக்குள் நான்கு துளைகள்

1. மெல்பேர்னில் வேலை பார்த்தபோது ஒரு ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து உரிமம் வாங்கினேன்.
2. வேலை சிட்னிக்கு மாறியது. விக்டோரியா உரிமம் இங்கே ரொம்ப நாள் செல்லாது. நியூ சவுத் வேல்ஸில் புதிதாக விண்ணப்பித்தேன்.
3. பென்டில் ஹில்லில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஓர் அங்கிள், அன்ரி வீட்டில் வாடகைக்கு அறை கிடைத்தது.
4. நான் இடக்கைக்காரி. இங்கே சேர்ந்த கிளப்பிலும் துப்பாக்கிகள் எல்லாம் வலக்கைக்கானவை. சொந்தமாக ஒன்று வாங்க ஆசைப்பட்டேன்.
5. அதை வைக்க, இரும்புப் பெட்டி ஒன்றைச் சுவரில் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும்.
6. அங்கிள் மாட்டேன் என்றார்.

மென்பொருளில் பிழை தேடுவது என் வேலை. ஆகவே அவருடைய பயத்துக்கும் ஒரு பட்டியல் தயாரித்தேன். துப்பாக்கி பூட்டிய பெட்டியில். தோட்டா வேறு பூட்டில். சாவி என்னிடம் மட்டும். மிகப் பலமான வரியைக் கடைசியில் வைத்திருந்தேன்: போலீஸ் வீட்டுக்கே வந்து சரிபார்க்கும்.

அங்கிள் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாக வாசித்தார். கடைசி வரியில் கண்ணாடியைக் கழற்றினார்.

"பொலிஸ் வீட்டுக்கு வருவினமோ?"

"ஆமா அங்கிள். அதனாலதான் பயமே இல்ல."

"பிள்ளை, துவக்குத் தேடி வீட்டுக்கு வந்த ஆக்களை நாங்கள் பாத்தனாங்கள். தேத்தண்ணி குடிக்க வரேல்லை."

துப்பாக்கியைத்தான் துவக்கு என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆறுதல் என்று நினைத்து நான் எழுதிய வரிதான் அவருக்கு மிகப் பெரிய பயமாக இருந்தது. தாளை மடித்து எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரம் சத்தியமங்கலத்திலிருந்து அப்பா வீடியோவில் வந்தார். காட்டுப்பன்றித் தொல்லைக்காக உரிமத்துடன் ஒரு துப்பாக்கி வைத்திருப்பவர். அங்கிள் பக்கத்திலேயே இருந்ததால் பேச்சு துப்பாக்கிக்குப் போனது.

"எலெக்சன் வந்தா நாமளே ஸ்டேஷன்ல கொண்டுபோய்க் குடுத்துரோணுங்க. முடிஞ்சதும் ரசீதக் காட்டி வாங்கிக்கலாம்," என்றார் அப்பா.

"ஏன், அதுக்கும் வாக்குரிமை இருக்கோ?" என்றார் அங்கிள்.

அப்பா சிரித்த சிரிப்பில் படம் ஆடியது. "அதுக்கு லீவுங்க."

"திருப்பித் தருவினமோ?"

"தராம? போன தடவ தொடச்சு வச்சிருந்தாங்க."

அங்கிள் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். துடைத்துத் தரும் போலீஸ் அவருக்குப் புதிது.

"அந்தக் கிளப்பை நான் போய்ப் பாத்திட்டுச் சொல்லுறன்," என்றார் அன்ரி.

சனிக்கிழமை அவரைக் கிளப்புக்குக் கூட்டிப்போனேன். உரிமம் இல்லாதவர்கள் அடையாள அட்டையைக் காட்டி ஒரு படிவம் நிரப்பினால், பயிற்சியாளர் மேற்பார்வையில் சுடலாம். அன்ரி படிவத்தின் ஒவ்வொரு கேள்வியையும் படித்துக் கையெழுத்திட்டார். பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, காதுக் கவசத்தை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஐந்து குண்டு. நான்கு, இலக்கு அட்டையின் கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தன.

"மற்றது?" என்றார் பயிற்சியாளரிடம், அவர்தான் அதைத் தொலைத்துவிட்டவர் போல.

வீட்டுக்கு வந்து அந்த அட்டையைக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டினார். "இஞ்சருங்கோ, இனி என்னோட கவனமாக் கதையுங்கோ," என்றார் அங்கிளிடம்.

அங்கிள் அட்டையில் இருந்த ஓட்டைகளை விரலால் தொட்டு எண்ணினார். பிறகு என்னைப் பார்த்தார். "பெட்டியைச் சுவரில பூட்டலாம். ஆனா பொலிஸ் வரேக்க நான் வீட்டில நிப்பன்."

என் அலமாரிக்குள், பெட்டிக்கான நான்கு துளைகளையும் அவரே டிரில்லால் சுவரில் போட்டார்.

உரிமம் வந்தது, வாங்கும் அனுமதி வந்தது, துப்பாக்கி வந்தது. பிறகு ஒரு நாள் போலீஸ்காரப் பெண் ஒருவர் போன் செய்து நேரம் கேட்டுக்கொண்டு வந்தார். வாசலில் ஷூவைக் கழற்றட்டுமா என்று கேட்டார். பெட்டியை அசைத்துப் பார்த்தார், துப்பாக்கியின் எண்ணைச் சரிபார்த்தார். அன்ரியின் வடையில் இரண்டு சாப்பிட்டார். அங்கிள் அயர்ன் பண்ணிய சட்டையோடு கடைசிவரை நின்றுகொண்டே இருந்தார்.

கார் போன பிறகு உட்கார்ந்தார். "தேத்தண்ணியும் குடிச்சிட்டுப் போறா," என்றார்.

இடக்கை ரைஃபிள் என் அலமாரிக்குள் பெட்டியில் பூட்டியிருக்கிறது, சாவி என்னிடம். அன்ரி கிளப்பில் சேர விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். துப்பாக்கி வந்த பிறகு அங்கிள் அந்த அலமாரியைத் திறந்து பார்க்கவில்லை.