பரீட்சைக்கு முன்னே போட்ட மொட்டை

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே வராது. இவளுக்கு எழுத மட்டும் வந்துவிடுமா என்று நீங்கள் நினைத்தால் அது நியாயம்தான். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் நகரியில் ஒரு தொண்டு நிறுவனம் பெண்களுக்கு இலவசமாகக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தது. மையத்தைத் திறப்பதும் பரீட்சை நாளில் கூட இருப்பதும் என் வேலை. விசைத்தறி ஓட்டும் ஒருத்தி அங்கே படித்தாள். பிழைக்கத் திருப்பூர் போன புருஷன் திரும்பவே இல்லை. திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் பில் போடும் வேலை அவளுக்குப் பேசி வைத்திருந்தது. சர்ட்டிபிகேட் வந்தால் போதும்.

பரீட்சையன்று மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வந்து நின்றாள். திருப்பதி அடிவாரத்து அலிபிரியிலிருந்து மலை ஏறி முடி கொடுத்திருந்தாள்.

"பாஸான பின்னாலதானே குடுப்பாங்க?" என்றேன்.

"முன்னாடியே குடுத்துட்டா சாமிக்கு வேற வழியில்லக்கா."

"சாமியையே மடக்கினு வந்துக்கிறா பாரு," என்றாள் பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்தவள்.

சாமி எப்படியோ, முகம் பார்த்துப் பரீட்சைக்குள் விடும் கம்ப்யூட்டர் காமிரா மடங்கவில்லை. சேரும்போது எடுத்த படத்தோடு முகம் பொருந்தவில்லை என்றது. மூன்று முறைதான் பார்க்கும். பிறகு பூட்டிக்கொள்ளும், அடுத்த பரீட்சைக்கு ஆறு மாதம் ஆகும்.

பக்கத்துக் கம்ப்யூட்டர்காரியும் தறிக்காரிதான். தன் பையிலிருந்து கறுப்பு நூல் சிட்டம் ஒன்றை எடுத்து மொட்டைத் தலையில் முடி மாதிரி வைத்துவிட்டாள். நானும் தடுக்கவில்லை. காமிரா இரண்டாம் முறையும் மறுத்தது.

"அக்கா, நீயே ஆபீசுக்குப் பேசு. இன்னும் ஒரு வாட்டிதான் பாக்கி," என்றாள் மொட்டைக்காரி.

பரீட்சை நடத்தும் ஹைதராபாத் அலுவலகத்தை வீடியோவில் கூப்பிட்டு, தெரிந்த தெலுங்கில் மொட்டை விஷயத்தைச் சொன்னேன். அதிகாரி காமிரா எடுத்த படங்களைப் பார்த்தார்.

"ரெண்டோ போட்டோலோ தலமீத ஏமிட்டி?" என்றார். இரண்டாவது படத்தில் தலைமேல் இருப்பது என்ன என்கிறார்.

ஆள்மாறாட்டம் என்று நினைத்துவிட்டால் அவள் கதி அவ்வளவுதான். ஆனாலும் பொய் வாயில் வரவில்லை. தறி நூல்தான், நாங்களே வைத்தோம் என்று சொல்லிவிட்டேன்.

அவர் பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். இருவரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. சிரித்து முடித்து, அந்தப் பெண்தான் இவள் என்பதற்கு நான் பொறுப்பேற்பேனா என்று கேட்டார். ஏற்கிறேன் என்றேன். என் குரல் தெருவரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

மொட்டையோடு புதுப் படம் எடுக்க அனுமதி கொடுத்தார். அவள் பரீட்சை எழுதினாள்.

மறுநாள் மதியம் முடிவு வந்தது. அவள் பாஸ்.